முடிச்சும் பஞ்சும்

குழந்தை என்றால் முடிச்சு, பெரியவர் என்றால் பஞ்சு. காலை ஏழு மணிக்குக் கதவைத் திறப்பதற்கு முன்பே அரியரத்தினம் தன் இடது கையுறைகளை இப்படி இரண்டு அடுக்காகத் தயார் செய்து வைத்துவிடுவார். ஓர் அடுக்கில், கையுறையின் சுண்டுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருப்பார். இன்னோர் அடுக்கில், அதே விரல்களுக்குள் பஞ்சை உருட்டித் திணித்து, நடுவிரலின் மேல் பாதியிலும் கொஞ்சம் வைத்து, நுனியைத் தட்டிச் சரி பார்ப்பார். பஞ்சு வைத்த கையுறையை அவர் போட்டுக்கொண்டால் பார்க்கிறவர்களுக்கு ஐந்து விரல் தெரியும். அவருக்கு அந்தக் கையில் இருப்பது இரண்டரை.

ஹோம்புஷ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இரத்தம் எடுக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. இரண்டு அறைகள், ஆறு நாற்காலிகள், வெறும் வயிற்றோடு வந்து கொட்டாவி விடும் ஜனங்கள். அரியரத்தினம் அங்கே பதினோரு வருடமாக இரத்தம் எடுக்கிறார். வயது ஐம்பத்தெட்டு. இலங்கையில் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தவர். இங்கே வந்த புதிதில் கோழி வெட்டும் தொழிற்சாலையில் ஆறு வருடம் நின்றுவிட்டு, பிறகு மறுபடி படித்து, பழைய தொழிலுக்கே திரும்பியவர். நார்த்மீட்டில் வீடு. மனைவி கமலினி போட்டுத் தரும் பால் விடாத பிளேன் டீயைக் குடுவையில் கொண்டுவந்து, எட்டரைக்கு ஒரு மடக்கு, பத்தரைக்கு ஒரு மடக்கு என்று மதியம் வரை ஓட்டுவார்.

நாம் நரம்பு என்று சொல்வதை அவர் நாளம் என்பார். ஊசி போடும்போது கையைப் பார்க்க மாட்டார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முழங்கை மடிப்பில் மெல்ல நடந்து போகும். கண் சுவரில் இருக்கும். "கண்ணால தேடினா பிழைக்கும் தங்கச்சி, விரலாலதான் பாக்கோணும்," என்பார். தொழில் பழக்கம் வெளியிலும் விடாது. அறிமுகமான பிறகு ஒரு கல்யாண வீட்டில் என் கணவர் நரேன் கை கொடுத்தபோது, கொடுத்த கையை விடாமல் திருப்பிப் பார்த்து, "உங்கட மனுசனுக்கு நல்ல நாளம், தண்ணிக் குழாய் மாதிரி," என்று என்னிடம் பாராட்டுச் சொன்னார். நரேன் அன்று முழுக்கச் சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டு திரிந்தார்.

என் மகள் யாமினிக்கு வயது ஏழு. அவளுக்குப் பிறவியிலேயே தைராய்டு சுரக்கவில்லை. தினமும் ஒரு மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரத்தப் பரிசோதனை, ஆயுள் முழுக்க. அவளுடைய நரம்புகள் நூல் மாதிரி. அதுவும் ஒளிந்துகொள்ளும் நூல். முன்பு போய்க்கொண்டிருந்த இடத்தில் நான்கு முறை குத்தி, இரண்டு பேர் பிடித்து அழுத்தி, கடைசியில் புறங்கையில் எடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்குள் கார் திரும்பினாலே வாந்தி எடுப்பாள். யாரோ ஹோம்புஷில் ஓர் அங்கிள் இருக்கிறார் என்று சொல்லித்தான் பிப்ரவரியில் அரியரத்தினத்திடம் போனோம்.

அவர் முடிச்சுப் போட்ட கையுறையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். யாமினி அந்த முடிச்சுகளைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், மறுபடி முடிச்சுகளைப் பார்த்தாள். "அங்கிள், உங்க மீதி விரல் எங்க?" என்று கேட்டாள்.

நான் "ஷ்ஷ்" என்றேன். எனக்கு முகம் சூடாகிவிட்டது. "யாமினி, அப்படியெல்லாம் கேக்கக் கூடாது. அங்கிள்ட்ட ஸாரி சொல்லு."

யாமினி விறைத்துப் போனாள். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாத குழந்தையின் விறைப்பு. அரியரத்தினம் அவள் கையிலிருந்து தன் விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீங்கள் 'ஷ்' எண்டோடன பிள்ளையின்ர நாளம் உள்ளுக்குப் போட்டுது. அந்தக் கதிரையை அங்கால திருப்பிப்போட்டு, சுவரைப் பாத்துக்கொண்டு இருங்கோ."

நான் ஒரு வங்கியில் இருபது பேரை வேலை வாங்குகிறவள். வாயை மூடிக்கொண்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். சுவரில் கை கழுவும் முறை பற்றிய படம் ஒட்டியிருந்தது. அதில் ஐந்து விரல்.

பின்னால் நடந்ததைக் காதால்தான் கேட்டேன். "ஊரில ஒரு குண்டு விழுந்து வெடிச்சது குஞ்சு. அதில விரல் போயிட்டுது." "வலிச்சுதா?" "ஓம், நல்லா நொந்தது." "இப்ப?" "இப்ப இல்லை. குளிர் நாளையில கொஞ்சம்." "இந்தப் பாதி விரல ஒரு விரல்னு எண்ணலாமா?" "அதுதான் எனக்கும் விளங்கேல்லை. ரண்டு கையையும் சேத்து எத்தினை எண்டு கணக்குப் பாத்துச் சொல்லுமன்." கணக்குப் போடும் குழந்தை கையைப் பார்க்காது, கூரையைப் பார்க்கும். யாமினி அஞ்சு, ஆறு, ஏழு என்று போய், அரை எப்படிச் சேர்ப்பது என்று தடுமாறி, "ஏழரை" என்று சொல்லி முடித்தபோது பஞ்சு வைத்துப் பட்டி ஒட்டியாகிவிட்டது. ஒரே குத்து. ஏழரை என்றால் நமக்கெல்லாம் சனி ஞாபகம் வரும். அவளுக்கு ஒரு கணக்கின் விடை, அவ்வளவுதான்.

அதுதான் அவருடைய முறை. பதினோரு வருடத்தில் அவராகவே கண்டுபிடித்தது. குழந்தை கேட்கும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார், பொய் சொல்ல மாட்டார், கேட்காததைச் சொல்லவும் மாட்டார். முதலை கடித்தது, மந்திரவாதி எடுத்துக்கொண்டான் என்றெல்லாம் கதை விடுவது அவருக்குப் பிடிக்காது. "பிள்ளை வளந்தாப் பிறகு, அந்த மனுசன் எனக்குப் பொய் சொன்னது எண்டு நினைக்கும்," என்பார். குழந்தைகள் கேட்டதையெல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறார். நகம் கடித்துக் கடித்து இப்படி ஆயிற்றா என்று ஒரு சீனப் பையன். பல் மாதிரி எப்போது மறுபடி முளைக்கும் என்று ஒரு லெபனீஸ் சிறுமி. ஹை ஃபைவ் எப்படி அடிப்பீர்கள் என்று ஒருவன் கவலைப்பட்டான். அவனுக்கு அடித்துக் காட்டினார். அன்றிலிருந்து அந்த அறையை விட்டுப் போகும் குழந்தைகள் தங்கள் விரல்களில் இரண்டை மடக்கி, மூன்றாவதைப் பாதி மடக்கி, மிகவும் கஷ்டப்பட்டு அவர் கையில் தட்டிவிட்டுத்தான் போகும்.

பெரியவர்கள்? "பதினொரு வருசத்தில ஒரு பெரியாள் கேக்கேல்லை. கண் கேக்கும். வாய் கேக்காது. கண் கேட்டுப்போட்டு, ஜன்னலைப் பாக்கும்." அதற்காகத்தான் பஞ்சு. பஞ்சு வைத்தால் அவர்களுக்கு நிம்மதி என்று அவருக்குத் தெரியும்.

எனக்கு இதைக் கேட்டதும் ஆத்திரம் வந்தது, இன்னும் வருகிறது. யார் அந்தப் பெரியவர்கள்? நாம்தான். நம் வீட்டுப் பிறந்தநாள் விழா ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். உள்ளே நுழைகிறவளைப் பார்த்து "என்னடி இப்படிக் குண்டாயிட்டே" என்று ஓர் ஆன்டி கூவுவார். பதினாலு வயதுப் பெண்ணின் கன்னத்தைப் பிடித்து "வெயில்ல கறுத்துப் போயிட்டாளே, க்ரீம் ஏதாவது போடக் கூடாதா" என்று இன்னொருவர் அக்கறைப்படுவார். சொட்டை, கட்டை, சோடாபுட்டி, நெட்டைக்கொக்கு எல்லாம் நாம் ஆட்களுக்கு வைத்த செல்லப் பெயர்கள். அங்கே யாரும் யாரையும் பார்த்து "ஷ்ஷ்" என்பதில்லை. குத்த வேண்டும் என்று தெரிந்தே குத்துகிறவர்களுக்குப் பாயசம் ஊற்றிக் கொடுக்கிறோம். தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிற குழந்தையை ஸாரி சொல்ல வைக்கிறோம். அந்த ஸாரியில் குழந்தை என்ன கற்றுக்கொள்கிறது? இந்த மனிதரைப் பார்ப்பதே தப்பு என்று கற்றுக்கொள்கிறது. பிறகு அது வளர்ந்து ஜன்னலைப் பார்க்கும்.

மே மாதம் மறுபடி போனோம். யாமினி காரில் வாந்தி எடுக்கவில்லை. நானே கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த முறை அவள் கேட்டது, அந்த விரல்கள் இல்லாமல் சட்டைப் பொத்தானை எப்படிப் போடுகிறீர்கள் என்று. அவர் தன் வெள்ளைக் கோட்டின் பொத்தானை ஒரு கையால் கழற்றிப் போட்டுக் காட்டியிருக்க வேண்டும். அவள் "வாவ்" என்றது கேட்டது. ஒரே குத்து.

ஆகஸ்டில் போனபோது வரவேற்பு மேசைக்கு மேலே புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. சிரிக்கும் கங்காரு படம் போட்டு, அழகான எழுத்தில்: பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இனி அறை எண் இரண்டு. எங்கள் ஊழியர்களின் தோற்றம் பற்றிக் கேள்வி கேட்பது அவர்களைப் புண்படுத்தக்கூடும் என்பதை உங்கள் குழந்தைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். நன்றி.

அரியரத்தினம் இருப்பது அறை எண் ஒன்றில்.

மேலாளர் டெப்ரா அன்று அங்கேதான் இருந்தாள். கெட்டவள் இல்லை, அதுதான் இன்னும் கோபம். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். ஊழியர் நலன் பற்றிய புதிய கொள்கை என்றாள். குழந்தைகளின் பேச்சால் ஆரிக்கு—அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்—தினமும் மனச்சுமை ஏற்படுகிறது என்று பல பெற்றோர்களே கவலைப்பட்டு எழுதியிருக்கிறார்கள், ஆறு மாதத்துக் கருத்துகளைத் தொகுத்துப் பார்த்துத்தான் இந்த முடிவு என்றாள்.

"அவர்கிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

அவரைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை என்றாள்.

எந்தப் பெற்றோர் அப்படி எழுதியது என்று நான் குரலை உயர்த்தினேன். பெயர் சொல்ல முடியாது என்றாள். ஆனாலும் எவ்வளவு நல்ல மனதோடு எழுதியிருக்கிறார்கள் என்று காட்டுவதற்காகக் கணினித் திரையிலிருந்து, பெயர்களை விட்டுவிட்டு, ஒன்றை வாசித்தாள். மிகவும் கனிவான ஊழியர், என் மகள் அவருடைய கையைப் பற்றிச் சங்கடமான கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டாள், பெருந்தன்மையோடு நடந்துகொண்டார், ஆனால் இப்படிப்பட்ட கேள்விகளை அவர் தினமும் சகித்துக்கொள்ள வேண்டிய நிலை இருக்கக் கூடாது. ஐந்து நட்சத்திரம்.

அது நான் எழுதியது. பிப்ரவரியில், வேலைக்குத் திரும்பிய ரயிலில், எப்படி இருந்தது எங்கள் சேவை என்று கைபேசிக்கு வந்த செய்திக்கு, ஒரு நல்ல காரியம் செய்கிறோம் என்ற பூரிப்பில், பிழையில்லாத ஆங்கிலத்தில் தட்டி அனுப்பியது. இரண்டு ஸ்டேஷனுக்குள் அனுப்பிவிட்டு மறந்தும் போனேன். திரையில் இருந்த தேதிகளின்படி முதல் ஆளாக நான்தான் எழுதியிருக்கிறேன். என்னைப் போல் இன்னும் மூன்று நல்லவர்கள்.

அந்தக் கணம் எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அது நான்தான் என்று சொன்னேன். அதை வாபஸ் வாங்குகிறேன், இன்றைக்கே அவரை மறுபடி குழந்தைகளிடம் விடுங்கள் என்றேன். கடிதம் எழுதித் தாருங்கள், பரிசீலிக்க நான்கு வாரம் ஆகும் என்று டெப்ரா சொன்னாள். யாமினியின் மருந்தளவை மாற்றுவதா வேண்டாமா என்று டாக்டர் வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்துகொள்ள வேண்டும். நான்கு வாரம் எங்களிடம் இல்லை.

அறை எண் ஒன்றின் கதவு திறந்திருந்தது. அரியரத்தினம் இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மேசையில் ஒரே ஓர் அடுக்குக் கையுறைதான். எல்லாவற்றிலும் பஞ்சு.

"நான்தான் அங்கிள் அத எழுதினது," என்றேன்.

"தெரியும். கையெழுத்து வாங்கேக்க என்னட்டையும் காட்டினவை. யாமினி எண்டு பேரும் போட்டிருந்தனீங்கள்." குடுவை மூடியைத் திருகினார். "நல்லாத்தான் எழுதியிருந்தியள். அஞ்சு நட்சத்திரம்."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு நெனச்சுதான்..."

"ஓமோம். எல்லாரும் அப்பிடித்தான் நினைச்சவை. ஒரு நம்பரும் தந்தவை, மனம் சரியில்லையெண்டா எடுத்துக் கதைக்கச் சொல்லி." குடுவையை மேசையில் வைத்தார். அவர் குரல் ஏறியதை அன்றுதான் முதல் முறை கேட்டேன். "பிள்ளை என்ர முகத்தைப் பாத்துக் கேட்டது, தங்கச்சி. நீங்கள் பாக்காமல் எழுதினனீங்கள். இந்தக் கையை நான் மறைச்சு வைக்காமல் இருந்தது அந்தப் பிள்ளையளுக்கு முன்னாலதான். இப்ப காலமையில இருந்து பின்னேரம் வரைக்கும் பஞ்சு. எனக்குப் பாவம் பாக்கச் சொல்லி ஆர் உங்களைக் கேட்டது?"

நான் கதவோரம் ஒதுங்கினேன். அடுத்த நோயாளி வந்தார், சூட் போட்ட ஆள். அரியரத்தினம் பஞ்சுக் கையுறையை மாட்டிக்கொண்டார். அந்த ஆள் கையுறையைப் பார்த்தார், எதையும் கவனிக்கவில்லை.

அறை எண் இரண்டில் வினுஷா இருந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். சுவரெல்லாம் மீன் படம், கூடை நிறைய ஸ்டிக்கர், கையில் சோப்பு நுரைக் குமிழி ஊதும் குப்பி. யாமினி எதையும் பார்க்கவில்லை. வினுஷாவின் பத்து விரலும் அவள் கையைத் தடவித் தேடின. யாமினி என்னைப் பார்த்து, "இந்த அக்காகிட்ட எதாவது கேக்கலாமாம்மா?" என்றாள். வெளியே ஒட்டியிருந்ததை அவளும் வாசித்துவிட்டிருந்தாள். நான் கேளு என்றேன். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

முதல் குத்தில் வரவில்லை. வினுஷா ஊசியை உள்ளேயே கொஞ்சம் திருப்பிப் பார்த்தாள். யாமினி கத்தவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு என் சட்டையைப் பற்றினாள். "ஸாரி ஸ்வீட்டி, ஸோ ஸாரி," என்று வினுஷா ஊசியை வெளியே எடுத்தாள். அவளுக்கே கண் கலங்கிவிட்டது. என்னைப் பார்த்து மெதுவாக, "அன்ரி, ஐ கேன் ட்ரை வன்ஸ் மோர். அதுக்குப் பிறகு நீங்கள் ஹாஸ்பிட்டலுக்குத்தான் போகோணும்," என்றாள். ஆஸ்பத்திரி என்றால் இரண்டு பேர் பிடித்து அழுத்துவார்கள். யாமினிக்கும் அது தெரியும். தலையை என் வயிற்றில் புதைத்துக்கொண்டு, "அரியம் அங்கிள் எங்க?" என்று கேட்டாள். இந்த முறை சத்தமாக, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி.

பக்கத்து அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நடைபாதையில் இரண்டு அடி. பிறகு ஒன்றும் இல்லை. அவர் உள்ளே வரக் கூடாது; அந்த உத்தரவில் அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வினுஷா எழுந்து போய், பாதி சாத்தியிருந்த கதவைக் காலால் முழுக்கத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கதவு நிலையைத் தாண்டி ஒரு கை மட்டும் உள்ளே நீண்டது. யாமினியின் கண் மட்டத்துக்கு. கையுறை இல்லை, பஞ்சு இல்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விரிந்து, நடுவிரலின் பாதி மொட்டையாக நின்று, அதற்கப்பால் தோல் சுருங்கிய தழும்பு. நானும் இதுவரை அந்தக் கையை நேராகப் பார்த்ததில்லை. சுவரைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது பார்த்தேன்.

"ரெண்டரை," என்றாள் யாமினி.

கட்டைவிரல் மடங்கியது.

"ஒண்ணரை."

ஆள்காட்டி விரலும் மடங்கி, கட்டைவிரல் நிமிர்ந்து, பாதி விரல் மட்டும் இரண்டு முறை குனிந்து எழுந்தது. "அது... இரு, அது எண்ணணுமா வேணாமா?" யாமினி கதவைப் பார்த்துக் கழுத்தை நீட்டினாள். கை பதில் சொல்லவில்லை. மறுபடி விரிந்தது, மறுபடி மடங்கியது, அவள் எண்ணினாள், பிழை விட்டாள், திரும்பவும் முதலில் இருந்து எண்ணினாள். வினுஷாவின் குழாயில் இரத்தம் ஏறியது. ஒன்று நிறைந்தது, அடுத்ததை மாற்றினாள், அதுவும் நிறைந்தது. ஊசி வெளியே வந்தது. பஞ்சு, பட்டி, தேதி எழுதிய சீட்டு. யாமினி கையைக் குனிந்து பார்த்து, எப்போது குத்தினார்கள் என்று தெரியாமல் முழித்தாள்.

கதவோரத்தில் அந்தக் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. வெளியே நிற்கிற ஆளுக்கு உள்ளே முடிந்துவிட்டது என்று தெரிய வழியில்லை. தோள் வலித்திருக்க வேண்டும். ஆனாலும் விரல்கள் விரிந்தே இருந்தன, இரண்டரையும், யாமினி நாற்காலியிலிருந்து இறங்கிப் போய் அதில் தட்டும் வரை.